வள்ளிக்கு வாய்ப்பூட்டு

நம்முடைய இலக்கியக் கூட்டங்களில் ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. நாடகத்தைப் பற்றிப் பேச வருகிறவர், துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மூன்று விரல்களை நீட்டுவார். இந்திய நாடகத்தின் உயிர்ப் பொருள்கள் மூன்று என்பார். ஒன்று காதல், இரண்டு விடுதலை, மூன்று பக்தி. காதலுக்குச் சாகுந்தலம், விடுதலைக்குத் தேசிய நாடகங்கள், பக்திக்கு நந்தனார் சரித்திரமும் வள்ளி திருமணமும் என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டு விரல்களை மடக்குவார். சபையோர் கை தட்டுவார்கள். மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். பரீட்சையில் அதே மூன்று விரல்கள் கேள்வியாக வந்து நிற்கும்.

அந்த விரல்களின்மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. அஞ்சறைப் பெட்டி நம் எல்லார் வீட்டு அடுப்பங்கரையிலும் இருக்கிறது. அதில் மிளகுக்கு ஓர் அறை, சீரகத்துக்கு ஓர் அறை. வேண்டியதுதான். ஆனால் கொதித்து இறக்கிய ரசத்தில் கையை விட்டு, இது மிளகு, இது சீரகம் என்று பொறுக்கித் தனித்தனியாகத் தட்டில் வைக்கிறவரை ரசம் சாப்பிடத் தெரிந்தவர் என்று யாரும் சொல்வதில்லை. நம் நாடகத்தைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் இந்தக் காரியத்தைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். பேராசிரியர்களோடு வாதாட இவனுக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். கதை எழுதுகிறவன் என்ற ஒரே யோக்கியதைதான். ஒரு பாத்திரம் எந்த இடத்தில் உயிர் பெறுகிறது, எந்த இடத்தில் பொம்மையாகிறது என்பதை வயிற்றுப்பிழைப்புக்காகவாவது கவனித்து வந்தவன் நான். அந்த அநுபவத்தை வைத்துக்கொண்டு சொல்கிறேன்: நம் நாடகத்தில் காதல், விடுதலை, பக்தி என்று மூன்று பொருள்கள் இல்லை. ஒரே கேள்விதான் இருக்கிறது. ‘நீ கொடுத்த சொல்லுக்கு நீ ஜவாப்தாரியா? என் மனசுக்கு எஜமான் நானா, நீயா?’ இதைக் காதலி காதலனைப் பார்த்துக் கேட்டால் அதற்குக் காதல் என்று பெயர். ஜனங்கள் ஆள்கிறவனைப் பார்த்துக் கேட்டால் விடுதலை. அடியவன் ஆண்டவனைப் பார்த்துக் கேட்டால் பக்தி. கேட்கப்படுகிறவர்தான் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. அந்தக் கேள்வியை எடுத்துவிட்ட நாடகத்தில் எத்தனை மயில் பறந்தாலும், எத்தனை கொடி ஏறினாலும், எத்தனை ஜோடி கட்டிக்கொண்டாலும் அது வெறும் ஜோடனைதான்.

பக்தி என்ற அறைக்குள் தள்ளி மூடி வைத்திருக்கிற வள்ளி திருமணத்தையே எடுத்துக்கொள்வோம்.

அதை மேடைக்கு வகுத்துத் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடியில் பிறந்து 1922இல் புதுச்சேரியில் மறைந்தவர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கி, டி. கே. எஸ். சகோதரர்களைப் போன்ற பிள்ளைகளை உருவாக்கியவர். இல்லறம் வேண்டாமென்று துறவிக் கோலத்தில் வாழ்ந்த மனுஷர். அப்படிப்பட்டவர் எழுதிக் கொடுத்த நாடகத்தில் இரவின் பெரும் பங்கை எது எடுத்துக்கொள்கிறது தெரியுமா? தேவாதிதேவனின் மகிமை அல்ல, சூரசம்ஹாரமும் அல்ல. தினைப்புனத்தில் ஆலோலம் பாடிப் பறவை ஓட்டிக்கொண்டு நிற்கிற ஒரு குறவர் வீட்டுப் பெண்ணின் வாய்ப்பேச்சு.

மதுரைப் பக்கத்திலும் புதுக்கோட்டைப் பக்கத்திலும் இந்த நாடகம் இன்றைக்கும் ஆடப்படுகிறது. ‘ஸ்பெஷல் நாடகம்’ என்பார்கள். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். நாரதர் இன்னோர் ஊர். பபூன் மற்றோர் ஊர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அட்வான்ஸ். ஒத்திகை என்பது கிடையாது. சுவாமிகள் வகுத்த பாட்டும் வசனமும் எல்லாருக்கும் பொதுவான முதல். அதை வைத்துக்கொண்டு அன்று இரவு மேடையில் ஒருவரை ஒருவர் சந்திக்கிறார்கள். நாரதர் புனத்துக்கு வருகிறார். தர்க்கம் தொடங்குகிறது. இல்லறமா துறவறமா, ஆணுக்குப் பெண் கட்டுப்பட்டவளா, ஒருத்தனைக் கணவனாக ஏற்பதற்கு அவன் குலத்தைப் பார்ப்பதா குணத்தைப் பார்ப்பதா? நாரதர் என்ன கேட்பார் என்பது வள்ளிக்கு முன்கூட்டித் தெரியாது. அவள் என்ன திருப்பிக் கேட்பாள் என்பது நாரதருக்கும் தெரியாது. அந்த இடத்தில் அந்தப் பெண் சொந்த மூளையால்தான் பிழைக்க வேண்டும். விடுதலையைப் பற்றி வசனம் பேசுவது வேறு. ஆயிரம் பேர் நடுவே ஒரு பெண் எழுதிக் கொடுக்காத பதிலைச் சொல்லி ஓர் ஆணை வாயடைக்க வைப்பது வேறு. பின்னதுதான் விடுதலை. அதைப் பக்தி நாடகத்தின் நடுவில் வைத்திருக்கிறார் சுவாமிகள்!

பிறகு கடவுள் வருகிறார். எப்படி வருகிறார்? வேடனாக வருகிறார், விரட்டப்படுகிறார். வேங்கை மரமாக நிற்கிறார். தள்ளாத கிழவனாக வந்து தேனும் தினைமாவும் யாசித்து வாங்கித் தின்று, விக்கல் எடுத்துத் தண்ணீர் கேட்கிறார். அண்டத்தை ஆள்கிறவன் ஒரு பெண்ணின் சம்மதத்துக்காக வேஷம் மாற்றி மாற்றி வரிசையில் நிற்கிறான். இதைப் பார்க்கிற கிராமத்து ஜனங்கள் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அந்தச் சிரிப்பையும் கும்பிடையும் பிரித்து இரண்டு அறைகளில் போட யாரால் முடியும்?

இங்கே ஓர் ஆட்சேபம் உண்டு. அது நியாயமான ஆட்சேபம். ஒளித்து வைக்க எனக்கு இஷ்டமில்லை. ‘கடைசியில் விநாயகர் யானையாக வந்து அந்தப் பெண்ணை மிரட்டித்தானே கிழவனின் கையில் சேர்க்கிறார்? இது சம்மதமா, பலவந்தமா?’ என்று இந்தக் காலத்துப் பெண்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். யானை வருகிற கட்டம் அந்தக் கதையின் பலவீனம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். யானை வந்து போவது சில நிமிஷங்கள். தர்க்கம் நடப்பது மணிக்கணக்கில். ஊர் ஜனங்கள் மறுநாள் டீக்கடையில் யானையைப் பற்றியா பேசுகிறார்கள்? ‘நேத்து வள்ளி கேட்ட கேள்விக்கு நாரதர் முழிச்சார் பார்!’ என்றுதான் பேசுகிறார்கள். புராணம் கொடுத்த யானையைச் சுவாமிகளால் நீக்க முடியவில்லை. அதற்கு முன்னால் ஓர் இரவு முழுவதையும் வள்ளிக்குக் கொடுத்தார். யானையை ஆட்சேபிக்கிற சகோதரிகளுக்கு நான் சொல்வது இதுதான்: நீங்கள் வள்ளியின் கட்சியில்தான் இருக்கிறீர்கள். நீங்கள் கேட்கிற கேள்வியும் அவளுடைய தர்க்கத்தின் தொடர்ச்சிதான்.

இந்தத் தினைப்புனத்திலிருந்துதான் தேச விடுதலையும் கிளம்பிற்று. சிவகாசியில் 1886இல் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த விசுவநாததாஸ் முருகனாக வேஷம் கட்டுவார். புனத்தில் பறவை ஓட்டுகிற சந்தர்ப்பம் வரும். அங்கே வெள்ளைக் கொக்கு ஒன்று பறக்கும் பாட்டில். அது எந்த வெள்ளை, எங்கிருந்து வந்து யாருடைய தினையைத் தின்கிற வெள்ளை என்று கொட்டகையில் இருந்த கடைசி மனுஷனுக்கும் தெரிந்தது. வாயிலில் நின்ற போலீஸ்காரருக்கும் தெரிந்தது. கைது செய்தார்கள், சிறைக்கு அனுப்பினார்கள், வெளியே வந்தார், மறுபடியும் பாடினார். பாட்டு காதல் காட்சியில் இருக்கிறது, பாடுகிறவன் கடவுள், பொருளோ ராஜத்துரோகம். ஐயா, மூன்று விரல்காரரே, இதை எந்த அறையில் போடுவீர்கள்?

இன்னொன்றும் உண்டு. விசுவநாததாஸ் நாவிதர் குலத்தில் பிறந்தவர். அதனால் அவரோடு ஜோடியாக நடிக்க மாட்டோம் என்று மறுத்த நடிகைகள் இருந்தார்கள். குறத்தியைக் கட்டிக்கொள்ளக் குன்றுக்கு இறங்கி வந்த சாமியின் கதையை நடிப்பதற்கும் ஜாதி பார்த்தார்கள்! குலம் பார்க்காத காதலை மேடையில் பாடிவிட்டு, வேஷம் கலைத்ததும் குலம் பார்க்கிற ஊர் நம்முடைய ஊர். அப்படியும் அந்த மனுஷர் மேடையை விடவில்லை. 1940 டிசம்பர் 31ஆம் தேதி, சென்னை ராயல் தியேட்டரில், மயில்மேல் அமர்ந்த முருகனாகப் பாடிக்கொண்டிருந்தபடியே உயிரை விட்டார். காதல் நாடகத்தில், கடவுள் வேஷத்தில், விடுதலைக்காகப் பாடிச் சிறை சென்றவன் மேடையிலேயே இறந்தான். நான் சொல்ல வந்ததற்கு இதைவிட வேறு அத்தாட்சி தேவையில்லை.

எனினும் கே. பி. சுந்தராம்பாளைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எஸ். ஜி. கிட்டப்பாவோடு மேடையில் பாடினார், அவரையே மணந்தார். 1933இல் கிட்டப்பா இளம் வயதில் இறந்தபின் அந்த அம்மாள் வெள்ளைக் கதரை உடுத்திக்கொண்டார். ஆண் நடிகர்களோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று விரதம் பூண்டார். 1935இல் நந்தனார் படத்தில் நந்தனாகவே நடித்தார். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார் என்பது அந்தக் காலத்தில் ஊரெல்லாம் பேசப்பட்ட செய்தி. காங்கிரஸ் மேடைகளில் பாடினார். பின்னாளில் ஒளவையாராகத் திரையில் வந்தபோது ஜனங்கள் அவரையே ஒளவையாகக் கண்டார்கள். அந்தக் கதர்ப் புடைவை துக்கத்துக்குக் கட்டியதா, தேசத்துக்குக் கட்டியதா, விரதத்துக்குக் கட்டியதா? ஒரே புடைவைதான். கிழித்து மூன்றாக்கிப் பார்க்கிறவன் மூடன்.

நம் பண்டிதர்களைக் குறை சொல்கிறேன். வெள்ளைக்காரனும் முதலில் இதே தப்புக் கணக்குத்தான் போட்டான். 1860இல் வங்காளத்தில் தீனபந்து மித்ரா ‘நீல் தர்ப்பண்’ என்ற நாடகத்தை எழுதினார். அவுரித் தோட்டத் துரைமார்களின் அட்டூழியத்தைச் சொல்கிற நாடகம். அதன் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக 1861இல் ஜேம்ஸ் லாங் என்ற பாதிரியாரை ஒரு மாதம் சிறையில் வைத்தார்கள். ஆயிரம் ரூபாய் அபராதமும் போட்டார்கள். பிறகு கல்கத்தா மேடைகளில் அரசாங்கத்தைக் கேலி செய்கிற நாடகங்கள் பெருகவே, 1876இல் நாடகங்களை அடக்க ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டத்தின் கடைசிப் பிரிவு வேடிக்கையானது. சமயத் திருவிழாக்களில் நடக்கும் ஜாத்திரைகளுக்கும் அவை போன்ற ஆட்டங்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று விலக்குக் கொடுத்தது! சாமி கதை ஆடுகிறவர்களால் சர்க்காருக்கு என்ன ஆபத்து என்று நினைத்தான். பக்தியை ஓர் அறையில் போட்டு மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்கினான். அரை நூற்றாண்டுக்குள் முருகன் வேஷக்காரனைப் பிடிக்க அவனுடைய போலீஸ்காரர்கள் நாடகக் கொட்டகைகளில் காவல் காக்க வேண்டியதாயிற்று. சர்க்கார் தன் தப்பைத் திருத்திக்கொண்டது. நம் பாடப்புத்தகங்கள் இன்னும் திருத்திக்கொள்ளவில்லை.

சுதந்திரம் வந்தபின் என்ன நடந்தது? 1953இல் லட்சுமணபுரியில் பிரேம்சந்தின் ‘ஈத்கா’ கதையை நாடகமாகப் போட்டதற்காக மக்கள் நாடக மன்றத்தார்மேல் அதே பழைய 1876ஆம் வருஷத்துச் சட்டம் பாய்ந்தது. 1956இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று தீர்ப்புச் சொல்லிற்று. நம் மாகாணத்திலோ 1954இல் நாமாகவே ஒரு புதிய நாடகச் சட்டம் இயற்றிக்கொண்டோம். எம். ஆர். ராதாவின் ராமாயண நாடகமும் அந்தச் சட்டமும் சேர்த்தே பேசப்படுகின்றன. நாடகாசிரியர் ஞாநி வழக்குத் தொடுத்து, 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியமான பிரிவுகளைச் செல்லாதவை என்று தள்ளிற்று. 1876ஆம் வருஷத்துச் சட்டம் நாடாளுமன்றத்தால் புத்தகத்திலிருந்தே நீக்கப்பட்டது 2018ஆம் வருஷத்துத் தொடக்கத்தில்தான். வெள்ளைக்காரன் போன பின்னும் எழுபது வருஷம் அவன் பூட்டைப் பத்திரமாக வைத்திருந்தோம்.

நான் கோயிலுக்குப் போகிறவன். ராதாவின் ராமாயணத்தை ரசித்துக் கும்பிட என்னால் ஆகாது. ஆனால் அதைத் தடுத்தது தவறு என்று கூசாமல் சொல்வேன். கிழவனாக வந்து ஒரு பெண்ணிடம் திட்டு வாங்கிக்கொண்ட சாமிக்கு, ஒரு நடிகனின் திட்டைத் தாங்கத் தெரியாதா? நம் சாமிகளுக்கு ரோஷம் அவ்வளவு இல்லை. ரோஷமெல்லாம் அவர்களுக்கு ஏஜெண்டுகளாகத் தங்களை நியமித்துக்கொண்டவர்களுக்குத்தான்.

மறுபக்கத்து நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பக்தி என்றாலே அடிமைத்தனம், சாமி கதை என்றாலே மூளைச்சலவை என்று ஒரே போடாகப் போடுகிறார்கள். கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனை நாடகமாகப் பாடியபோது என்ன செய்தார்? பெரிய புராணத்தில் இல்லாத ஒரு பாத்திரத்தைப் படைத்தார். நாற்பது வேலி நிலத்துக்குச் சொந்தக்காரரான வேதியர். சேக்கிழாரின் திருநாளைப்போவாரைத் தடுத்தது அவர் மனத்திலிருந்த தயக்கம். பாரதியாரின் நந்தனைத் தடுப்பதோ எஜமான்; வேலை, விளைச்சல், உத்தரவு. சிதம்பரம் போக லீவு கேட்கிற ஒரு கூலிக்காரனின் கதையாக அது ஆகிவிட்டது. அவன் தீயில் இறங்கித்தான் தில்லைக்குள் போக முடிந்தது என்பது அந்தக் கதையில் இன்னும் ஆறாத புண். அதை மறைக்க மாட்டேன். ஆனால் பண்ணையாருக்கும் கூலிக்கும் நடுவிலுள்ள கணக்கைக் கதாகாலட்சேப மேடையில் கொண்டுவந்து வைத்தது அந்தப் பக்திதான்.

நம் வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கிறது. துகிலுரியும் கட்டத்தில் துச்சாதனன் வேஷக்காரர் புடைவையில் கை வைப்பதற்கு முன்னால் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் தொடுவார். அந்தக் கற்பூரப் புகைக்கு நடுவே நின்றுகொண்டு அந்தப் பெண் சபையைப் பார்த்துச் சட்டம் கேட்கிறாள்: தன்னைத் தோற்றபின் என்னை வைத்தாரா, என்னை வைத்தபின் தன்னைத் தோற்றாரா? அடிமைக்கு மனைவியின்மேல் என்ன உரிமை? பீஷ்மரும் துரோணரும் தலை குனிகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகள் மண்ணில் உட்கார்ந்து விடியவிடிய இந்த வழக்கைக் கேட்டார்கள். பாரதி 1912இல் பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகத்தை வெளியிட்டபோது, அந்தச் சபையில் நிற்கிறவள் பாரத தேவி என்று அவர்களுக்கு யாரும் விளக்கவுரை சொல்ல வேண்டியிருக்கவில்லை. கேள்வி அவர்களுக்குப் பழகினது.

இனிச் சாகுந்தலத்துக்கு வருகிறேன். காதலுக்கு உதாரணமாக அதைக் காட்டுகிறார்களே, அதனால்தான். 1789இல் வில்லியம் ஜோன்ஸ் அதை இங்கிலீஷில் பெயர்த்தார். ஜெர்மானியக் கவிஞர் கதே புகழ்ந்தார். தமிழில் மறைமலையடிகள் பெயர்த்தார். காளிதாசனின் கவிதைக்கு நானும் அடிமை. ஆனால் அவன் செய்த ஒரு மாற்றத்தைப் பாருங்கள். வியாச பாரதத்தில் துர்வாசரின் சாபமும் இல்லை, மோதிரமும் இல்லை. அரசனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. நினைவிருந்தும், சபை நடுவே ‘உன்னை எனக்குத் தெரியாது’ என்கிறான். சகுந்தலை அவனை நிறுத்தி வைத்து வாதாடுகிறாள். அசரீரி வந்து அவள் பக்கம் சாட்சி சொல்கிறது. காளிதாசனோ சாபத்தைக் கொண்டுவந்து அரசனைக் காப்பாற்றிவிட்டான். அவன் சகுந்தலையும் சீறுகிறாள்தான். ஆனால் யார்மேல் சீறுவது? அவன்தான் மறந்து போனானே! குற்றம் முனிவருடையது, மீனுடையது, மோதிரத்துடையது. சொல் தவறினவன் ஒருவன்கூட அந்த நாடகத்தில் இல்லை! காதல் அழகாகிவிட்டது, கேள்வி காணாமற்போய்விட்டது.

இதற்கு நேர் எதிரான ஒரு கதை நான் குடியிருக்கும் திருமுல்லைவாயிலின் வழியாகப் போகிறது. அதை இன்னும் நல்ல நாடகமாக யாரும் எழுதித் தரவில்லையே என்பதுதான் என்னுடைய தாபம்.

இங்கிருந்து வடக்கே உள்ள ஞாயிறு என்ற ஊர்ப் பெண் சங்கிலி. வந்த வரன்களை வேண்டாமென்று சொல்லி, திருவொற்றியூரில் கன்னிமாடத்தில் இருந்துகொண்டு சாமிக்குப் பூத்தொடுத்தாள். தம்பிரான் தோழர் சுந்தரர், திருவாரூரில் பரவையார் இருக்க, இவளைக் கண்டு மயங்கினார். உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும் என்றாள் அவள். சுந்தரர் கில்லாடி. சந்நிதியில் சத்தியம் செய்தால் வம்பு என்று, ‘நான் சத்தியம் செய்யும்போது நீர் கோயிலை விட்டு மகிழ மரத்தடியில் போய் இரும்’ என்று சிநேகிதரிடம் முன்கூட்டியே பேசிக்கொண்டார். சிநேகிதர் சரி என்றார். சரி என்றவர் சங்கிலியின் கனவில் போய், ‘மகிழ மரத்தடியிலேயே சத்தியம் செய்யச் சொல்’ என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்! தோழனுக்குத் தெரியாமல் பெண்ணின் பக்கம் சாய்ந்த சாமி. சுந்தரர் மரத்தடியில் சத்தியம் செய்தார். வசந்த காலம் வந்தது. ஆரூர் நினைவு வந்தது. ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயின.

குருடராக அவர் வந்து நின்று பாடிய தலங்களில் எங்கள் ஊர் மாசிலாமணி ஈசுவரர் கோயிலும் ஒன்று. இந்தப் பதிகத்திலேயே சங்கிலியின் பெயரைச் சொல்லி, அவளுக்காக என் கண்ணைப் பறித்தவனே என்று முறையிடுகிறார். பிறகு திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண். ஆரூரில் மறு கண்.

யோசித்துப் பாருங்கள். காளிதாசனின் தெய்வ உலகம் சொல் தவறிய அரசனுக்குச் சாக்குத் தேடித் தருகிறது. நம் தெய்வம் சொல் தவறியவன் தன் சொந்தச் சிநேகிதன் என்றும் பாராமல் கண்ணைப் பிடுங்குகிறது. அதுவும் பூக்கட்டுகிற ஒரு பெண்ணுக்காக. தண்டனை பெற்றவனோ அடங்கிப் போகவில்லை, ‘இது நியாயமா?’ என்று கேட்டுக்கொண்டே தடி ஊன்றி நடக்கிறான். அவள் அவனைக் கேட்டாள்; அவன் ஆண்டவனைக் கேட்டான். ஒரே கேள்வி!

பௌர்ணமியன்று மேலூர்த் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், எங்கள் ஊர் கொடியிடையம்மன் என்று மூவரையும் ஒரே நாளில் தரிசிக்கப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். காலையில் மேலூர், உச்சியில் ஒற்றியூர், மாலையில் முல்லைவாயில். சுந்தரர் குருடராக வந்த திசையில்தான் அவர்களும் வருகிறார்கள். ஒரு பௌர்ணமியில் பிராகாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு கிழவியிடம், “ஆயா, ஒத்தியூர்லேருந்து இங்க வர்ற வழியிலே ஒருத்தருக்குக் கண்ணு போன கதை தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியாதே தம்பி. ஏன் போச்சு?”

“உன்னை வுட்டுப் போவமாட்டேன்னு சத்தியம் பண்ணிக் கட்டிக்கினு, அந்தப் பொண்ணை வுட்டுட்டு வந்தாரு. சாமிக்கு ரொம்ப வேண்டியவரு.”

“வேண்டியவன்னா? போவட்டும் கண்ணு! அப்பிடிக் கேக்கலைன்னா அது இன்னா சாமி?” என்றாள் கிழவி.

மூன்று விரல் பண்டிதர் மூன்று மணி நேரம் பேசினாலும் இதற்குமேல் சொல்லிவிட முடியாது. காதலுக்கு நியாயம் கேட்காத சாமி அவளுக்குச் சாமியே இல்லை. இவளுக்கு வேண்டிய நாடகத்தை யார் கொடுக்கிறார்கள்? வீட்டுத் தொலைக்காட்சியில் வருகிற புராணத் தொடர்களில் தேவர்கள் ஜரிகையில் ஜொலிக்கிறார்கள், மின்னல் வெட்டுகிறது, சக்கரம் சுழல்கிறது. ஒருவரும் ஒருவரையும் கேள்வி கேட்பதில்லை. சபா நாடகத்தில் காதல் இருக்கிறது, சிரிக்கவும் வைக்கிறார்கள், கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டால் டிக்கெட் வாங்கினவர் மனம் புண்படும் என்று நிறுத்திக்கொள்கிறார்கள். சுதந்திர தினத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் போடுகிற நாடகத்தில் கட்டபொம்மன் கர்ஜிக்கிறான். இன்றைக்கு யாரைப் பார்த்துக் கர்ஜிக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிக் கொடுப்பதில்லை.

கடைசியாக ஒரு காரியார்த்தமான விஷயம். இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாதென்று 2000ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. நோயாளிக்கும் படிக்கிற பிள்ளைக்கும், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் விடியற்காலை ஷிப்டுக்குப் போகிற தொழிலாளிக்கும் அது வேண்டியதுதான். நான் மறுக்கவில்லை. ஆனால் விடியவிடிய ஆடுகிற நாடகத்தைச் சுருக்கு என்றால் எதைச் சுருக்குவார்கள்? முருகன் மயிலேறி வருவதைச் சுருக்க முடியாது. கல்யாணத்தைச் சுருக்க முடியாது. பபூன் டான்ஸைச் சுருக்கினால் விசில் பறக்கும். மிஞ்சுவது வள்ளியின் பேச்சு. அங்கேதான் கத்தி விழும். போலீஸ் வராமல், சட்டம் வராமல், நாமே அவள் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிடுவோம். பக்திக்கு மயில் போதும், கல்யாணம் போதும் என்று நினைக்கிற விழாக் கமிட்டிக்காரர்களுக்கு அது பூட்டாகவே தெரியாது. மூன்று விரல் பண்டிதர் கொடுத்த பாடத்தின் பலன் இது.

ஆகவே கமிட்டிக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: மாலை ஐந்து மணிக்கே தொடங்குங்கள். ஒரு நாள் போதாதென்றால் இரண்டு நாளாகப் பிரித்துப் போடுங்கள். யானையை வேண்டுமானால் வெட்டுங்கள். சீன் ஜோடனையை வெட்டுங்கள். மேடையில் பொன்னாடை போர்த்துகிற பெரிய மனுஷர்களின் பேச்சை அவசியம் வெட்டுங்கள். வள்ளியை மட்டும் பேச விடுங்கள். அவள் கேட்டு முடிக்கட்டும். பதில் சொல்ல முருகனே காத்திருக்கும்போது நமக்கு என்ன அவசரம்?